எட்டாம் பந்தியை மூட்டம் கொண்டுபோகவில்லை

வவுனியா வெயிலில் வறுபட்டுக்கொண்டிருக்கும் என் ஒரே வாரிசுக்கு, டிக்கோயா குளிரில் இரண்டு கம்பளிக்குள் இருந்தபடி, சொந்த முழங்காலைத் தவிர இவ்வுலகில் வேறு பகைவர் எவருமில்லாத உன் தகப்பன் எழுதுவது. தர்ஷினி நான்கு நாட்களாக உன்னோடு சரியாகப் பேசவில்லை என்றும், கேட்டால் "ஒண்டுமில்லை" என்று சொல்லி போனை வைத்துவிடுகிறாள் என்றும் உன் அம்மாவிடம் புலம்பினாயாம். கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று கேட்டாயாம். மகனே, நீ ஒன்றும் செய்யவில்லை. செய்தவன் நான். உன் பெயரில், உன் கடிதத்தில், உனக்குத் தெரியாமல் செய்தேன். என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால் ஏன் செய்தேன் என்று சொல்லப்போகிறேன். குற்றவாளிகள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். பொறுத்துக்கொள்.

உன் தாத்தா நாற்பது வருடம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். அவர் வெட்டிய தேயிலைச் செடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் சிவனொளிபாத மலை வெட்கப்பட்டுத் தலை குனிந்திருக்கும். வேலை முடிந்து தோட்டப் பதிவில் பெயர் வெட்டியபோது சேமலாப நிதி என்று ஒரு தொகை ஒரே தடவையில் வந்தது. ஒரே வாரத்தில் அவர் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ராஜாவானார். ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு ரேடியோ, ஒரு பசு வாங்கினார். கோட்டு நைந்தது, ரேடியோ ஊமையானது, பசு பக்கத்து வீட்டு கோவாப் பாத்தியில் இறங்கி ஒரு பஞ்சாயத்தையே கூட்டியது. வருடம் முடிவதற்குள் வெற்றிலைக்கும் அவர் என்னிடம்தான் வரவேண்டியிருந்தது. வாயால் கேட்கமாட்டார். சம்பள நாளில் வாசலில் வந்து நின்று, கையை மட்டும் என் பக்கம் நீட்டி, முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் காசை வைத்ததும் கை மூடிக்கொள்ளும். முகம் திரும்பாது. இருபத்தைந்து வயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நான் ஒரு சபதம் எடுத்தேன். என் மகன் என் முகத்தின் பக்கவாட்டை மட்டும் பார்க்கும் நிலை வரக்கூடாது என்று.

அடுத்த வருடமே அரசாங்க ஆஸ்பத்திரியில் அம்புலன்ஸ் டிரைவர் வேலை கிடைத்தது. நம் லயத்து வரலாற்றில், ஏன், உலக வரலாற்றில் என்றே வைத்துக்கொள், வேலை செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அரசாங்கம் மாதா மாதம் காசு கொடுக்கப்போகும் முதல் மனிதன் நான்தான் என்று அன்று தெரிந்தது. முப்பத்து நான்கு வருடம் ஓட்டினேன். இந்த மலைப்பாதையின் வளைவுகளைப் பற்றி உனக்குத் தெரியும். சில இடங்களில் எனக்கு முன்னால் போகும் வண்டியின் நம்பரை வாசித்துப் பார்த்தால் அது என் வண்டியின் நம்பராகவே இருக்கும். என் வண்டிக்குள்ளேயே பிறந்த பிள்ளைகளை மட்டும் ஒன்று கூட்டினால் ஒரு பிரதேச சபை அமைத்து, எதிர்க்கட்சிக்கும் ஆள் மிஞ்சும். ஒவ்வொரு வளைவிலும் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை: பென்சன். சாமி பெயர்கூட அதற்குப் பிறகுதான்.

அந்தப் பைத்தியத்தில்தான் உன் விஷயத்தில் முதல் பிழையைச் செய்தேன். கம்பஸ் முடித்து வந்த உன்னைக் கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கூப்பிட்டது. அரசாங்கத்தில் பட்டதாரி நியமனமும் வரும்போல இருந்தது. நீ கொழும்புக்குப் பெட்டி கட்டினாய். நான் உண்ணாவிரதம் இருந்தேன். "பென்சன் இல்லாத வேலை வேலையாடா? அது கூலிக்குப் பாட்டுப் பாடுற மாதிரி, தொண்டை கட்டினா அன்னைக்கே முடிஞ்சிச்சு" என்று பாயில் படுத்துக்கொண்டு முழங்கினேன். ஒன்றரை நாள் தாங்கினாய். என் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்துக் கண் கலங்கி, பெட்டியை அவிழ்த்தாய். மகனே, கன்னம் ஒட்டிப்போனது பல்செட்டைக் கழற்றி வைத்திருந்ததால். அந்த ஒன்றரை நாளில் "கோயிலுக்குப் போறேன்" என்று நான் போன மூன்று தடவையும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முஸ்லிம் நானாவின் கடையில் நான்கு ரோல்ஸும் இரண்டு பெட்டிஸும் தின்றேன். உன் அம்மாவுக்கு அன்றே தெரியும். மீசையில் இருந்த மாசிக் கருவாட்டுத் தூளை அவள்தான் துடைத்துவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து உன் நியமனக் கடிதம் வந்தது. வேட்டு வாங்க நான் கடைக்குப் புறப்பட்டபோது நீ அதை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தாய். "அப்பா, இந்த எட்டாவது பந்தியப் பாத்தீங்களா?" என்றாய். இந்தப் பதவிக்கு ஓய்வூதியம் உண்டு. ஆனால் அந்த ஓய்வூதியம் சம்பந்தமாக அரசாங்கம் இனிமேல் எடுக்கப்போகும் எந்தக் கொள்கை முடிவுக்கும் நீ கட்டுப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. "இருக்குன்னு சொல்லிட்டு, இருக்கா இல்லையான்னு அப்புறம் சொல்றோம்னு எழுதியிருக்காங்கப்பா" என்று சொல்லி நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அன்று வாங்கிய வேட்டை நான் கொளுத்தவேயில்லை, கவனித்தாயா? சாப்பாடு உண்டு, என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் சமையற்காரர் பிறகு தீர்மானிப்பார் என்று கலியாண அழைப்பிதழ் அடித்தால் யார் வருவார்கள்? அந்தப் பந்திக்குத்தான் நான் உன்னைப் பட்டினி கிடந்து அனுப்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். வாங்கிய கடனை இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று நாடே கையை விரித்தது. பெட்ரோல் வரிசை ஹட்டனில் தொடங்கி இந்து சமுத்திரத்தில் முடிந்தது. நான் அதில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற பையனுக்கு மீசை முளைத்து, கலியாணமாகி, பிள்ளையும் பிறந்துவிட்டது. எட்டாம் பந்தியை எடுக்கப்போகிறார்கள், எடுத்துவிட்டார்கள், இல்லை இனி எல்லோருக்கும் புதுத் திட்டமாம் என்று தேர்தலுக்குத் தேர்தல், பட்ஜெட்டுக்கு பட்ஜெட் சேதி வந்தது. ஒவ்வொரு சேதிக்கும் நான் டீவியின் முன்னால் எழுந்து நிற்பேன். பிறகு உட்கார்ந்துகொள்வேன். என் முழங்கால் கெட்டதற்கு அதுதான் காரணம்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். இந்தக் காலத்தில் நம் பக்கத்தில் ஜாதகக் குறிப்போடு நியமனக் கடிதத்தின் கொப்பியும் கேட்கிறார்கள். சனி எங்கே இருக்கிறான் என்று பார்ப்பதைவிட பென்சன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை. தர்ஷினி வீட்டில் கேட்டபோது நீ போனில் தெளிவாகச் சொன்னாய்: "ரெண்டு பக்கத்தையும் குடுங்கப்பா. எட்டாவது பந்தியையும் வாயால சொல்லிடுங்க." நான் "சரிப்பா" என்றேன். சொல்லிவிட்டு, நாட்காட்டியின் வெள்ளை ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அந்தப் பந்தியின் மேல் வைத்து, நானாவின் கடையில் ரோல்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷினில் போட்டோ கொப்பி எடுக்கக் கொடுத்தேன்.

"டிரைவரய்யா, இதுல கடதாசித் துண்டு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. எடுக்கவா?" என்றார் நானா.

"இருக்கட்டும் நானா. ராகுகாலத்துல கொப்பி எடுக்கிறோம்ல, அதுக்குப் பரிகாரம்."

மனிதர் ஒரு வார்த்தை கேட்காமல் பொத்தானை அழுத்தினார். என் கணக்கு என்னவென்றால், ஏழாவது பந்திக்கு அப்பால் வாசிக்கும் மனிதப் பிறவி இன்னும் பிறக்கவில்லை. ஆனால் உன் மாமனாராகப் போகிறவர் யார்? யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு லிகிதராக வந்து, பிரதம லிகிதராக ஓய்வுபெற்று, இந்தக் குளிரிலேயே தங்கிவிட்ட மனிதர். வருகிற கடிதங்களில் என்ன இல்லை என்று கண்டுபிடிப்பதற்காகவே அரசாங்கம் அவருக்கு முப்பத்தைந்து வருடம் சம்பளம் கொடுத்தது. நான்கு நாட்களுக்கு முன் கலியாணக் கடதாசிகளை அடுக்குவதற்காகக் கொப்பியை மறுபடி எடுத்தபோது, பல் இல்லாத வாயைக் கண்ட டாக்டர் போல அவருக்கு அந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்திருக்கிறது. தர்ஷினியும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டாள். அன்றிலிருந்துதான் உனக்கு "ஒண்டுமில்லை."

நேற்று, ஞாயிறு முற்பகல் நான் கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து உன் அம்மா, "என்னங்க, சம்பந்தி வந்திருக்காரு" என்றாள். பார்த்தால், கையில் ஃபைலோடு அவர் நிற்கிறார். பென்சன்காரர்களுக்கு வருடத்தில் எண்ணிக் கொடுக்கும் இலவச ரயில் வாரண்டை நானுஓயாவிலிருந்து ஹட்டனுக்கு வருவதற்குச் செலவழித்திருக்கிறார். கதிர்காமத்துக்குப் போகிறவர்கள்கூட அதை யோசித்துத்தான் எடுப்பார்கள். கூரையிலேயே குடியிருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"என்ன சம்பந்தி, உயரத்திலை நிக்கிறியள்? இறங்கி வாங்கோ. ஒரு சின்ன அலுவல்."

இறங்கினேன். கொப்பியை மேசையில் விரித்து, விரலை வைத்தார். "ஏழுக்குப் பிறகு ஒன்பது. எட்டு எங்கை?"

முப்பத்து நான்கு வருடம் வளைவுகளில் ஓட்டியவன் நான். நேராகப் போக வருமா? "மூட்டம் ஐயா," என்றேன். "ஹட்டன் மூட்டத்தப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா? அன்னைக்கு கொப்பி எடுக்கையில கடைக்குள்ளேயே பூந்துருச்சு. ரயில் எஞ்சினையே காணாம ஆக்குற மூட்டம், ஒரு பந்தியத் தின்னுட்டுப் போனதுல என்ன ஆச்சரியம்?"

"ஓமோம். ரெண்டு பக்கம் நிறைய எழுத்துக் கிடக்க, பென்சன் இருக்கிற வரியளை மட்டும் தேடிப் பிடிச்சுத் திண்டிருக்கு. நல்லாப் படிச்ச மூட்டம்."

குசினியிலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது: "அய்யா, அந்த மூட்டத்துக்கு இன்னைக்கு இந்த வீட்டுல சோறு கெடையாதுன்னு சொல்லிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பகிடியை விடுங்கோ. எட்டாம் பந்தியிலை என்ன எழுதியிருக்கு எண்டு எனக்கு வாசிக்காமலே தெரியும். உங்கடை மகன் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கடிதங்கள் எல்லாத்திலையும் அது இருக்கு. நான் அதுக்கு வரேல்லை. பிள்ளை நாலு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை. அவள் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான். மறைச்சது ஆர்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் உனக்கு பென்சன் சேர்ப்பதாக நினைத்து, உன் பெயரைக் கெடுத்து வைத்திருந்தேன். உன் தாத்தா கை நீட்டியதில் தொடங்கி நானாவின் ரோல்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவன் சொல்லத்தான் சொன்னான் ஐயா. மறைச்சது நான். பென்சன் இல்லாத மாப்பிள்ளைன்னு நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றேன். ஆம் மகனே, "மறைச்சது நான்" என்று, அலங்காரமெதுவுமில்லாமல், அவ்வளவு சின்ன வசனமாக. என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய வசனம் அதுதான்.

அவர் தேநீரை முழுவதும் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "பென்சன் ஃபைலிலையே என்ரை தலை நரைச்சது. நாடு கடன் கட்டேலாது எண்ட வருசத்திலையும் எனக்குப் பென்சன் திகதி தவறாமல் வந்தது. அந்தக் காசோடை கடைக்குப் போனால் பால்மாப் பெட்டி என்னைப் பாத்துச் சிரிச்சது. பென்சன் நிண்ட இடத்திலை நிண்டது, விலை ஓடிட்டுது. எட்டாம் பந்தி இல்லாத எனக்கே அந்த நிலை எண்டால், பிள்ளையளுக்கு என்ன நிலை எண்டு ஆர் சொல்லேலும்?" சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்து வேறொரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். தர்ஷினியின் ஆசிரியர் நியமனக் கடிதம். "இதின்ரை கொப்பி உங்களுக்குத் தந்தனான். எத்தினை பக்கம் தந்தனான், ஞாபகம் இருக்கோ?"

"ஒரு பக்கம்."

"கடிதம் ரெண்டு பக்கம்." அவருடைய காது மடல் சிவந்திருந்தது. "ரெண்டாம் பக்கத்திலையும் அதே பந்தி கிடக்கு. பொம்பிளைக்குப் பென்சன் உத்தியோகம் எண்டு நான் பெருமையாச் சொல்லிப்போட்டன். பிறகு என்னெண்டு அந்தப் பக்கத்தைக் காட்டிறது? நீங்கள் கேக்கேல்லை, நான் தரேல்லை. நீங்கள் கடதாசி வெட்டினியள். எனக்கு அந்த மினக்கேடும் இல்லை."

மகனே, நான் சிரித்த சிரிப்பில் கூரையில் பாதி அடித்த தகரம் கழன்று விழுந்தது. இது மிகையல்ல, தகரம் உண்மையிலேயே விழுந்தது. அவரும் சிரித்தார். முப்பத்தைந்து வருடம் கச்சேரியில் பூட்டி வைத்திருந்த சிரிப்பு என்பதால் வெளியே வரும்போது இருமலும் சேர்ந்து வந்தது. உன் அம்மா அகப்பையோடு வந்து வாசலில் நின்றாள்.

"ரெண்டு பேரும் ரிட்டையரான பொறகும் திருந்தல. நான் முப்பது வருசம் பிள்ளைக் காம்பிராவுல தோட்டத்துப் பிள்ளைகளப் பாத்தேன். எனக்கு ஒரு பென்சனும் கெடையாது. நான் என்ன செத்தா போயிட்டேன்? பின்னால லீக்ஸ் போடுறேன், கோழி வளக்குறேன், இந்த மனுசனையும் வச்சு மேய்க்கிறேன். அதுங்க ரெண்டும் படிச்சதுங்க, கையும் காலுமா இருக்குதுங்க. அதுங்களுக்குப் பயம் இல்ல, ஒங்களுக்குத்தான் பயம்."

சொல்லிவிட்டு அவளே தர்ஷினிக்கு போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் வாய்க்கு முன்னால் நீட்டினாள். நான் மறுபடியும் அந்தச் சின்ன வசனத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை சொன்னது இதுதான்: "மாமா, பென்சன் வருமோ வராதோ எண்டு எனக்குக் கவலை இல்லை. எனக்கும் அதே பந்திதான், அப்பா உங்களுக்குக் காட்டியிருக்கமாட்டார். அறுபது வயது வரைக்கும் ஒராளோடை இருக்கப்போறன். அவர் மறைக்கிற ஆளோ எண்டதுதான் எனக்குத் தெரியவேணும். அவரிட்டை நேரை கேக்கப் பயமா இருந்தது. ஓம் எண்டு சொல்லிட்டால் என்ன செய்யிறது?" என் பக்கத்தில் இருந்த அவளுடைய அப்பா கூரையின் ஓட்டையை ஆராயத் தொடங்கிவிட்டார்.

புறப்படும்போது அவர் என்னிடம் ஒரு கட்டளை போட்டார். "நான் மகளிட்டை வாயாலை மன்னிப்புக் கேக்கிறன். நீங்கள் மகனுக்கு எழுதவேணும். எழுத்திலை இருக்கவேணும். எனக்கு ஒரு பிரதி." ஆகவே இந்தக் கடிதத்தை உன் அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்புவாள். மூலம் தபாலில் வரும். பிரதி நுவரெலியாவுக்குப் போகும். இந்தத் தடவை எல்லாப் பக்கமும் போகும்.

தகப்பன் என்றால் புத்தி சொல்லவேண்டுமாம், அதனால் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கும் நேரத்தில் புத்தி சொல்வதற்கு எனக்கு இருக்கும் துணிச்சல் வேறு எவனுக்கும் வராது. அரசாங்கத்துக்கு அறுபதாயிரம் கோடி கைகள் இருக்கின்றன, அத்தனையும் கடன் வாங்கிய கைகள். அந்தக் கடனை நீயும் வாங்கவில்லை, தர்ஷினியும் வாங்கவில்லை, ஆனால் அது உங்கள் கடிதத்தில் எட்டாவது பந்தியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டு பயந்து என்னைப்போல் மூடி வைக்காதே. வாய் திறந்து கேள். உன்னோடு சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், சங்கம் இருக்கிறது, சேர்ந்து கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, செய்த வேலைக்குப் பின்பாதிக் கூலி. ஆனால் பதில் வரும்வரை வாழாமல் இருக்காதே. நான் முப்பத்து நான்கு வருடம் பென்சனை நினைத்து ஓட்டியதில், எத்தனையோ தடவை மேகம் கீழேயும் நான் மேலேயும் இருந்த வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பார்க்காமலே போய்விட்டேன். கொழும்பு வேலையைப் பற்றிய எண்ணம் உனக்கு இன்னும் உள்ளே இருந்தால் அதையும் அவளிடம் சொல். போவதா இருப்பதா என்று நீங்கள் இரண்டு பேரும் தீர்மானியுங்கள். நான் இனி உண்ணாவிரதம் இருக்கமாட்டேன். நானாவின் கடையில் ரோல்ஸ் விலை ஏறிவிட்டது.

கடைசியாக ஒன்று. வருடத்துக்கு ஒரு தடவை நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை கிராம சேவகரிடம் போய் நிரூபித்துக் கையெழுத்து வாங்கவேண்டும், இல்லையென்றால் பென்சன் நின்றுவிடும். அந்த இளைஞன் ஒவ்வொரு தடவையும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தாம இன்னவாத மஹத்தயா?" என்பான். இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்கிறான். "இன்னவா, இன்னவா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வருவேன். நேற்று ராத்திரி முழுக்க மனக்கணக்குப் போட்டேன். உனக்கு அறுபது வயதாகும்போது எனக்குத் தொண்ணூற்று நான்கு. அது ஒன்றும் பெரிய வயதல்ல. அன்றைக்கு அந்தப் பந்தியில் அவர்கள் என்ன முடிவு எழுதினாலும், என் பென்சனில் பாதி உங்கள் இரண்டு பேருக்கும். அதற்காக இன்னும் முப்பது வருடம் அந்தக் கிராம சேவகரின் கந்தோருக்கு நடப்பதாகத் தீர்மானித்துவிட்டேன். ஆகவே என் சாவைப் பற்றியும் நீ கவலைப்படவேண்டியதில்லை. வாசித்தது போதும். தர்ஷினி மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவாள். போனை எடு.